ஒரு ஆளுக்கு உலை

ஜூலை 22, திங்கள்

மாவு பொங்கி வழிந்து மேடையில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதன் விளிம்பில் எறும்புகள் செத்துக் கிடந்தன. மூடியைத் திறந்ததும் குழந்தை கக்கிய பாலின் வாடை. அம்மா சனிக்கிழமை ஆட்டி வைத்த மாவு. மூன்று நாள் வரும் என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தோசை ஊற்றினேன். கல்லில் பட்டதும் புளித்த புகை கண்ணில் ஏறியது. பாதியைத் தின்றேன். மீதியைப் பார்க்கவே முடியவில்லை.

யாரிடமும் சொல்ல முடியாததால் இதில் எழுதுகிறேன். அறிவியல் நோட்டின் பின்பக்கம். விளக்குப் போட்டால் ஜன்னலில் தெரியும் என்று, போர்வைக்குள் போன் வெளிச்சத்தில்.

நாங்கள் இருப்பது ஒரு வளவு. நடுவில் முற்றம், சுற்றி ஆறு வீடு, எல்லோருக்கும் ஒரே அடிபம்பு. முதல் வீடு சண்முகக்கனி அத்தையுடையது. வளவே அவளுடையதுதான். எங்கள் வீடு கடைசி. எங்களுக்கு மட்டும் பின்பக்கம் ஒரு சந்துக் கதவு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கதவு வழியாகத்தான் அம்மா போனாள்.

“பதினஞ்சே நாளு ஆவுடை. கொல்லத்துல ஒரு எறா உரிக்கிற கம்பெனியில பொம்பளையாளு கேக்காவ. யாரும் கேட்டா, அம்மைக்கு எப்பவும்போல நைட்டு சிப்டு, பகல்ல ஒறங்குதான்னு சொல்லிரு. ஒத்தையில கெடக்கன்னு மட்டும் தெரியக் கூடாது. பெரியப்பா காதுக்குப் போச்சுன்னா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு.”

பெரியப்பா வீட்டுக்குப் போவதைவிட அந்த மாவைக் குடித்துவிடலாம்.

ஜூலை 23, செவ்வாய்

நேற்று அம்மா அளக்கிற உழக்கால் ஓர் உழக்கு அரிசி போட்டேன். பானை நிறைய வந்தது. ராத்திரி தின்றேன், தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் தின்றேன், மதியத்துக்கும் அதையே கொண்டுபோனேன். சாயங்காலம் வந்து பானைக்குள் கை விட்டால் சோறு வழுவழுவென்று இருந்தது. விரலை எடுத்தபோது நூல் வந்தது.

முற்றத்தில் கழனித் தண்ணீர் வாளி இருக்கிறது. கனியத்தையின் மாட்டுக்கு எல்லா வீட்டு மிச்சமும் அதில்தான் போகும். இவ்வளவு சோற்றைக் கொட்டினால், “ஏன் மிஞ்சுச்சு, யாரு சாப்பிடல?” என்று கேள்வி வரும். பாலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பின்னால் இருக்கும் உடைமரத்தடியில் எறிய வேண்டும்.

ஜூலை 24, புதன்

எறிந்துவிட்டேன். கணக்கு நோட்டைத் திறந்தால் அந்த வாடை வருகிறது.

ஒரு கைப்பிடி அரிசி போதவில்லை. ஒன்றரை.

ஜூலை 25, வியாழன்

இரண்டு பேராக இருப்பது பெரிய வேலை. பம்படியில் இரண்டு தட்டு கழுவ வேண்டும். ஒன்றில் வேண்டுமென்றே குழம்பைத் தடவி எடுத்துப் போகிறேன். அம்மாவின் சேலையை நனைத்துப் பிழிந்து கொடியில் காயப்போட வேண்டும். ஏழு மணிக்குச் சந்துக் கதவைத் திறந்து, “பாத்துப் போம்மா” என்று கத்திவிட்டுச் சாத்த வேண்டும். ஒன்றரைக் கைப்பிடிக்குக் குக்கர் தேவையில்லை. ஆனால் விசில் கேட்கவில்லை என்றால் சந்தேகம் வரும். அதனால் குக்கரில் வெறும் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். அது மூன்று விசில் அடிக்கிறது.

இன்றைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சோறு கொதிக்கும்போதே ஒரு முட்டையை உள்ளே போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாக வெந்துவிடும். வடித்து, முட்டையை உரித்துச் சோற்றில் பிசைந்து, மிளகுத்தூள், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய். ஒரே பானை, ஒரே தட்டு. ஆனால் முட்டையை முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். நான் பார்க்காமல் போட்டுவிட்டேன். ஓட்டில் கோழிப் பீ ஒட்டியிருந்தது. நுரையில் பச்சையாக மிதந்தபோதுதான் தெரிந்தது. சோற்றைக் கொட்டிவிட்டு மறுபடி உலை வைத்தேன். இரண்டாவது தடவை நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் மனசு ஏற்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. கனியத்தை ஒரு கும்பாவில் பாயசம் கொண்டுவந்தாள். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

“ஒங்கம்மை எங்கட்டி?”

“ஒறங்குதா அத்தை.”

“விளக்கு வைக்கிற நேரத்துலயுமா? எழுப்புட்டி, மூதேவி வந்து ஒக்காந்துரும்.”

“இப்பத்தான் படுத்தா.”

பாயசம் ஆறி மேலே ஏடு கட்டியிருந்தது. கரண்டியால் தூக்கினால் தோல் மாதிரி மொத்தமாக வந்தது. அடியில் ஒரு நரைமுடி. அத்தை தலை முடிதான். அது எங்கே ஒட்டியிருந்திருக்கும் என்று யோசித்தபின் ஒரு சொட்டு இறங்கவில்லை.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. அம்மா என்றால் பத்து நிமிடத்தில் ஏதாவது கிண்டிப் போடுவாள். நான் கழுவி, ஒரு கை சீனி போட்டுக் கொடுத்தேன். அத்தை கும்பாவை ஆட்டிப் பார்த்தாள்.

“பாயசத்துக்குச் சீனியா? நல்ல மொய்யிதான். ஒங்கம்மை குடுத்தாளா, நீயா குடுக்கியா?”

“அம்மாதான்.”

“ஒறங்கிக்கிட்டே குடுத்தாளாக்கும்? கும்பகர்ணனுக்குத் தங்கச்சி!”

சிரித்துக்கொண்டுதான் போனாள். நான் உடனே போய்க் குக்கரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

அம்மா போன் போட்டாள். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்றாள். கோதுமை ரவை உப்புமா என்றேன். நல்ல பிள்ளை என்றாள்.

ரவையில் புழு இருந்ததைச் சொல்லவில்லை. சின்னது, வெள்ளை, தலை மட்டும் பழுப்பு. சலித்து மூன்றை எடுத்துப் போட்டேன். நாலாவது வாயில் கிடைத்தது.

பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. கம்பெனியில் நாற்பது பெண்கள், அவர்களே சேர்ந்து பொங்குவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். இது சின்னக் குக்கர். எங்கள் வீட்டுக் குக்கர் அளவுதான் இருக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அம்மா போனை விலக்கிவைத்து, “உப்புப் போதுமான்னு பாருங்க” என்றாள்.

“யாரும்மா?”

“மேஸ்திரி. ருசி பாக்காரு.”

மேஸ்திரிகள் ருசி பார்ப்பார்கள் போலிருக்கிறது. அம்மாவின் அந்தக் குரலை நான் கேட்டு நாலு வருடம் ஆகிறது. அப்பா செத்து நாலு வருடம்.

ஜூலை 29, திங்கள்

சமைக்கவில்லை. பிஸ்கட்டைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

கத்தரிக்காயை நறுக்கினால் உள்ளே கறுப்பாகப் பொடி. பொடிக்குள் ஒன்று நெளிந்தது. உடனே பெரியப்பா வீடு ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

அப்பா செத்தபிறகு ஒரு மாதம் அங்கே இருந்தோம். முதலில் ஆண்கள் ஐந்து பேர் உட்காருவார்கள். அவர்கள் எழுந்ததும் பெண்கள் அதே தட்டுகளில் உட்கார வேண்டும். கழுவக் கூடாது. “ஆம்பள சாப்ட்ட தட்டுல சாப்ட்டாத்தான் குடும்பம் ஒட்டும்” என்பாள் பெரியம்மா. எனக்கு வந்தது பெரியப்பாவின் தட்டு. ஓரத்தில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, நடுவில் அவர் விரல் கோடு கோடாக வழித்த மோர். அதன்மேலேயே சோற்றைப் போட்டார்கள். நான் அழுதேன். “டவுனு மகாராணி” என்று பெரியப்பா சிரித்தார்.

அவர் மகள் செண்பகக்காவைப் பத்தாவது நடுவிலேயே நிறுத்திவிட்டார். அவள் இப்போது ஒன்பது பேருக்குச் சமைக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது அம்மாவிடம் சொன்னார்: “ஆவுடையையும் அனுப்பு பகவதி. அடுப்படியில செண்பகத்துக்கு ஒரு கை கூடும்லா?”

நானும் இப்போது பத்தாவதுதான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அம்மா இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறாள். தெருவிலிருந்து பேசினாள். பின்னால் ஒரு கண்டக்டர், “வடசேரி, வடசேரி” என்று கத்திக்கொண்டிருந்தான். வடசேரி நாகர்கோவிலில் இருக்கிறது. போன வருடம் சுற்றுலா போனபோது அந்த பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கினோம். கொல்லத்திலும் ஒரு வடசேரி இருக்கலாம். ஒரே பெயரில் எத்தனையோ ஊர் இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒரு மூடித் தேங்காய் ஒரு ஆளுக்குத் தீராது. நாலாவது நாள் ரோஸ் நிறத்தில் பிசுபிசுத்துவிட்டது. மோந்து பார்த்திருக்கக் கூடாது.

தக்காளி பரவாயில்லை. ஒரு தக்காளி, ஒரு பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு. கம்பியில் குத்தித் தீயில் சுட்டு, தோலை உரித்து, உப்புப் போட்டுக் கையால் நசுக்கினால் ஒரு தட்டுச் சோற்றுக்குச் சரியாக இருக்கிறது. தொட்டுக்கொள்ள வேறு வெஞ்சனமே வேண்டாம். பானையை வைத்துக்கொண்டு நின்றபடியே தின்றேன். முழங்கை வரை வழிந்தது. நக்கினேன். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அடுப்படியில் திருடித் தின்கிற பூனை மாதிரி இருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கனியத்தை குறட்டை விடும்வரை காத்திருந்து எழுதுகிறேன். அவள் எங்கள் வீட்டில்தான் படுத்திருக்கிறாள்.

மதியம் சோறு வடித்தபிறகு தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. டப்பாவில் இரண்டு சாளைக் கருவாடு கிடந்தது. ஒரு ஆளுக்குக் கருவாட்டைப் போல் சுலபம் கிடையாது. எண்ணெய் வேண்டாம், குழம்பு வேண்டாம். நேரே தீயில் வாட்டினால் போதும். இடுக்கியில் பிடித்து வாட்டினேன். கொழுப்பு உருகிச் சொட்டி, புகை வீடு முழுக்க நிறைந்தது.

அப்போது முற்றத்தில் இரண்டாம் வீட்டுத் தங்கபுஷ்பம் மைனியின் குரல் கேட்டது. “கா… கா… கா…”

பக்கத்து வீட்டிலும் கேட்டது. எதிர் வீட்டிலும்.

ஆடி அமாவாசை.

தேதி பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் தெரிந்துவிடும். அமாவாசை காலண்டரில்தான் தெரியும். அதை அம்மாதான் தினமும் கிழிப்பாள். அது ஜூலை 20-லேயே நிற்கிறது. போன மூன்று வருடமும் இந்த நாளில் அம்மா ஈரச் சேலையோடு வாழைக்காயும் அவரைக்காயும் சமைத்து, அப்பாவுக்கு இலை போட்டு, காக்காய் வாய் வைக்கும்வரை எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தர மாட்டாள். நான் அப்பாவின் நாளில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தேன்.

பயத்தில் அதன்மேல் தண்ணீரை ஊற்றினேன். வாடை இரண்டு மடங்கானது. வேறு வழி தெரியாமல் சந்துக் கதவைத் திறந்து இரண்டையும் வெளியே எறிந்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. வளவுச் சுவரில் இலை இலையாகச் சோறும் வடையும் காத்திருக்க, சுற்று வட்டாரத்துக் காக்காய் எல்லாம் எங்கள் சந்தில் இறங்கிவிட்டன.

கதவு இடிபட்டது.

“ஏ பகவதி! வெளிய வாளா! அஞ்சு வீட்டுப் படையலும் காயுது, காக்கா பூரா ஒங்க சந்துல நிக்கி!”

“கனியக்கா, எங்க மாமனாரு அமாவாசைக்குக் கருவாடு தின்னுட்டுப் போறாரு பாருங்க” என்று தங்கபுஷ்பம் மைனி பின்னாலிருந்து சொன்னாள். யாரோ சிரித்தார்கள். கனியத்தை சிரிக்கவில்லை.

“தாலியறுத்தவ வீட்டுல ஆடி அமாவாசைக்குக் கருவாட்டு வாடையா? அவ செய்ய மாட்டாளே. ஏட்டி, தள்ளு.”

என்னை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மாவின் பாய் சுருட்டி மூலையில் நின்றது. அதன்மேல் தூசி. அத்தை குக்கரைத் திறந்தாள். வெறும் தண்ணீர். பானையைத் திறந்தாள். கரண்டியை விட்டு அடிவரை பார்த்தாள்.

“இது ஒரு ஆளு சோறுல்லா” என்றாள். “எத்தன நாளாச்சு?”

“பதினஞ்சு.”

அத்தை தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தன் போனிலிருந்து அம்மாவுக்கு அடித்தாள். அவளுக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண் குரல்.

“ஹலோ? பகவதி குளிக்கா. நீங்க யாரு?”

அத்தை கட் செய்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அந்த வாயில் அம்மாவின் பெயர் வழுவழுவென்று இருந்தது. விரலால் தொட்டால் நூல் வரும்போல.

“நான் ஒங்க பெரியப்பாவுக்குச் சொல்லத்தான் செய்வேன்” என்றாள் அத்தை.

“வேண்டாம் அத்தை. அங்க போனாப் பள்ளிக்கூடத்த நிறுத்திருவாவ.”

“நிறுத்தட்டும். உசுரோட இருப்பல்லா? வயசுப் பிள்ள, சந்துக் கதவு ஒரு ஒத்தத் தாப்பா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எந்தலையிலல்லா விடியும்? போட்டி சவத்து மூதி, பதினஞ்சு நாளா பக்கத்துல கெடந்துக்கிட்டு ஒரு வார்த்த சொன்னியா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெரியப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் புதன்கிழமை வருகிறார்.

கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இன்னும் மீன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜெபமணி டீச்சரிடம் சொல்லிவிட்டேன். எங்கள் வகுப்பு டீச்சர். முதலில் வயிற்றுவலி என்றுதான் ஆரம்பித்தேன். “என்ன சாப்ட்ட?” என்றார். அதற்குப் பதில் சொல்லப் போய் எல்லாமே வந்துவிட்டது. அந்த ஆண் குரலை மட்டும் சொல்லவில்லை. டீச்சர் அதைக் கேட்கவும் இல்லை.

அரசு மாணவியர் விடுதியில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். வார்டனிடம் அங்கேயே போனில் பேசினார்.

“சாம்பாருல பூச்சி கெடக்கும். இப்பவே சொல்லிட்டேன்.”

“எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடுவேன் டீச்சர்.”

“சேர்க்கைப் பாரத்துல ஒங்கம்மா கையெழுத்து வேணும். ரெண்டு எடத்துல. ஒங்க பெரியப்பா முந்திக்கிட்டு வந்து டி.சி. கேட்டா ஹெச்.எம். என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. அம்மா கையெழுத்து இருந்தா நான் பேசிக்கிடுவேன்.”

விடுதியில் எண்பது பேர். குளியலறை நாலு. சாக்கடை வாடை வாசலிலேயே வருகிறது, நான் பார்த்திருக்கிறேன். இருக்கட்டும்.

சாயங்காலம் அம்மாவுக்கு நானே போன் போட்டேன்.

“நாளைக்கு வா. ஆஸ்டல் பாரத்துல கையெழுத்துப் போடணும். புதன்கிழம பெரியப்பா வாராரு.”

அம்மா அழுதாள். “ஆவுடை, அம்மா ஒங்கிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லலாம்னுதான்…”

“ரெண்டு எடத்துல போடணும்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வருவாளா என்று தெரியாது. நாகர்கோவிலிலிருந்து காலையில் எத்தனை பஸ் என்றும் தெரியாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வந்தாள்.

பள்ளிக்கூடம் போகாமல் காத்திருந்தேன். பதினொன்றுக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் உலை வைத்தேன். சோறு வடித்து முடிக்கும்போது முன்வாசல் வழியாகவே வந்தாள். கனியத்தை பம்படியில் ஒரு சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. இன்னும் பலமாகத் தேய்த்தாள்.

அம்மா நான் பார்த்திராத சேலை கட்டியிருந்தாள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. சோப்பு வாசனைகூட வேறு. நான் அருகில் போகவில்லை. பாரத்தையும் பேனாவையும் தரையில் வைத்துத் தள்ளினேன்.

“அங்கயே வந்துரலாம்லா? அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு. அவரு நல்லவருதான். ஒன்னயப் பத்தி தெனமும் கேப்பாரு.”

“இங்க போடணும். பெறகு அடியில.”

போட்டாள். முதல் கையெழுத்து நேராக வந்தது. இரண்டாவதில் எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது. செல்லுமா என்று பயமாக இருந்தது. பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்:

“நாலு வருசமா விடியக்காலம் சிப்டு முடிஞ்சு வந்து ஒத்தையில ஒக்காந்து தின்னேன். நீ ஒறங்கிக் கெடப்ப. செவுத்தப் பாத்துட்டுத் திங்கிறது எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது ஆவுடை.”

பதினேழு நாளாகத் தெரியும். அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினேன்.

பாரம் பைக்குள் இருக்கிறது. நாளைக்கு ஒன்பதரை மணிக்கு டீச்சர் என்னை விடுதிக்குக் கூட்டிப் போவார். பெரியப்பா பத்தரை பஸ்ஸில் வருகிறாராம். “அவரு வந்தா நான் பேசிக்கிடுதேன், நீ ஒம்பாட்டுக்குப் போ” என்று, விடுதி கிடைத்ததைக் கேட்டபிறகு கனியத்தை பம்படியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

கையெழுத்துப் போட்டபிறகு அம்மா அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

“காலையில சாப்பிடாமலே பஸ் ஏறிட்டேன். சோறு கெடக்கா?”

“ஒரு ஆளுக்குத்தான் பொங்கினேன்.”

அவள் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். “நல்லா வடிச்சிருக்க” என்றாள்.

நான் மொத்தத்தையும் தட்டில் தட்டி, மோர் ஊற்றி, சுவரைப் பார்க்க உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பால் எனக்கு விசிறினாள். அந்தப் புதுச் சோப்பு வாசனை ஒவ்வொரு விசிறலுக்கும் வந்து சோற்றில் இறங்கியது. பாதியிலேயே போதும் என்றாகிவிட்டது. கை கழுவ எழுந்தால் மிச்சத் தட்டை அவள் இழுத்து வைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும். கடைசிப் பருக்கை வரை உட்கார்ந்து தின்றேன்.